முகவரி முழுமையில்லை

நகராட்சி அலுவலகத்தில் புகார்ப் பிரிவு எங்கே என்று யாரைக் கேட்டாலும், "ரிஜிஸ்டர் அக்காகிட்ட போங்க" என்றுதான் பதில் வரும். மாடிப்படிக்குக் கீழே, மின்விசிறி சுற்றினால் சுவர் நாட்காட்டியும் சேர்ந்து ஆடுகிற ஒரு மூலையில் பதினோரு வருஷமாக அவள் உட்கார்ந்திருந்தாள். தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை, சாக்கடை வழிகிறது, எதிர்வீட்டு நாய் முறைக்கிறது என்று என்ன வந்தாலும் பதிவேட்டில் ஏறும், எண் போடப்படும், உரிய மேசைக்குப் போகும். பிறகு பதிவேட்டை எடுத்துக்கொண்டு கணினியைக் கொடுத்தார்கள். பெயரை மட்டும் யாராலும் எடுக்க முடியவில்லை.

அவளை டிஜிட்டல் வரைபடப் பயிற்சிக்கு அனுப்பியது யாருடைய தொலைநோக்குப் பார்வையாலும் அல்ல. அலுவலகத்துக்கு ஒருவரை மூன்று வாரம் அனுப்பி வையுங்கள் என்று மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தலைமை எழுத்தர் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டார். ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்குக் கண் கூசும், ஒருவருக்கு அந்த மாதம் முழுக்கவே நேரம் சரியில்லை. அன்றைக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொள்ள விடுப்பில் போயிருந்தவள் அவள் ஒருத்திதான். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்தபோது அவள் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது. மறுத்துப் பேசலாம் என்றால் வாயைத் திறக்க முடியவில்லை.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அவள் கணவர் சிரித்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். தலைகீழாக நிறுத்தினாலும் ஊரில் எந்தச் சந்து எங்கே போகும் என்று சொல்லிவிடுவதாக அவருக்கு எண்ணம்.

"மேப்பா? இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன். ஒரு நாள் மேப் பாத்திருப்பேனா?"

"பாத்ததில்ல. அதனாலதான் என் தங்கச்சி கல்யாணத்துக்கு நாம போய்ச் சேர்றப்போ நாற்காலியெல்லாம் அடுக்கிக்கிட்டு இருந்தாங்க."

"சாப்பாடு இருந்துச்சில்ல?" என்றார் அவர். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளரவில்லை.

பயிற்சி ஒரு கல்லூரியின் கணினி அறையில் நடந்தது. பதினாலு பேர். பாடம் நடத்திய பெண்ணுக்கு இருபத்தாறு வயசு இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் எப்போதும் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். அவள் எல்லோரையும் மேடம், சார் என்றாள். ரிஜிஸ்டர் அக்காவும் அவளை மேடம் என்றாள். இரண்டு மேடம்களும் ஒருவரையொருவர் மாற்றி மாற்றி மரியாதை செய்துகொண்டதில் முதல் நாள் பாதி போய்விட்டது.

"புள்ளி, கோடு, பரப்பு. உலகத்துல இருக்கிற எல்லாத்தையும் இந்த மூணுக்குள்ள அடக்கிடலாம் மேடம்" என்றாள் பயிற்சிப் பெண். "கிணறு ஒரு புள்ளி. ரோடு ஒரு கோடு. ஏரி ஒரு பரப்பு."

"எங்க வீட்டுக்காரர்?"

"ஒரே இடத்துல இருப்பாரா, நகர்ந்துக்கிட்டே இருப்பாரா?"

"வேன் ஓட்டுறார் மேடம்."

"அப்போ கோடு."

அன்று மாலை கணவரிடம் நீங்கள் ஒரு கோடு என்று அவள் சொன்னபோது அவருக்கு அது பாராட்டா திட்டா என்று புரியவில்லை.

மூன்றாம் நாள் அவரவர் அலுவலகத்தை வரைபடத்தில் வைக்கச் சொன்னார்கள். அட்சரேகையை ஒரு கட்டத்திலும் தீர்க்கரேகையை இன்னொரு கட்டத்திலும் போட வேண்டும். அவள் இடம் மாற்றிப் போட்டுவிட்டாள். நகராட்சி அலுவலகம் அதன் மாடி, படிக்கட்டு, தலைமை எழுத்தர் எல்லாவற்றோடும் நடுக்கடலில் போய் விழுந்தது. திரை முழுக்க நீலம். நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்து நாற்காலியில் இருந்த வன இலாகாக்காரர் எட்டிப் பார்த்து, "உங்க ஆபீஸுக்கு லீவு லெட்டர் படகுலதான் அனுப்பணும் போல" என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பல் பிடுங்கிய பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அன்றிலிருந்து அந்த வகுப்பு அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

அவளே எதிர்பார்க்கவில்லை, கை அவ்வளவு சீக்கிரம் பழகியது. பதினோரு வருஷம் கட்டம் கட்டமாக எழுதிய கை அல்லவா! அட்டவணையில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் கண்ணில் குத்தும். அடுக்கு என்பதுதான் அவளுக்கு மிகவும் பிடித்தது. சாலைகள் ஓர் அடுக்கு, வாய்க்கால்கள் ஓர் அடுக்கு, நிலத்தின் மேடு பள்ளம் ஓர் அடுக்கு. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல, வேண்டியதைக் காட்டலாம், வேண்டாததை மறைக்கலாம். மறைத்தாலும் அது அங்கேயே இருக்கும்.

இரண்டாவது வாரம், அவரவர் வேலையிலிருந்து ஏதாவது தகவல் கொண்டுவந்து வரைபடமாக்க வேண்டும். வன இலாகாக்காரர் வெட்டிய மரங்களைக் கொண்டுவந்தார். ஒரு செவிலியர் காய்ச்சல் கணக்கைக் கொண்டுவந்தார். ரிஜிஸ்டர் அக்கா மூன்று வருஷத்துப் புகார்களைக் கொண்டுபோனாள். நாலாயிரத்துச் சொச்சம். கதவு எண்ணையும் தெருப் பெயரையும் வைத்துக் கணினி பாதியைத் தானே இடத்தில் வைத்தது. மீதியை அவள் இரண்டு நாள் உட்கார்ந்து கையால் வைத்தாள்.

வைத்து முடித்ததும் ஊர் அம்மை போட்டதுபோல ஆகிவிட்டது. நீலப் புள்ளி தெருவிளக்கு, பச்சை குப்பை, சிவப்பு தேங்கிய தண்ணீர். நெடுஞ்சாலையின் வடக்குப் பக்கத்தில், மூன்று மாடி வீடுகள் வரிசையாக இருக்கும் தெருவில் சிவப்பு மொய்த்துக் கிடந்தது. அது அவளுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு மழைக்கும் அந்தத் தெருக்காரர்கள் தொலைபேசியில் அவள் காதைப் பிடுங்கி எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஆட்கள் போய்ச் சாக்கடையைத் தூர்வாருவார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் தேங்கும்.

பயிற்சிப் பெண் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். "சூப்பர் மேடம். ஆனா இது என்ன, ரோட்டுக்குத் தெற்குல ஒண்ணுமே இல்ல? காலி இடமா?"

"பழைய செங்கல் சூளை மேடம். அதுக்குப் பின்னால..." என்று அவள் இழுத்தாள்.

"படத்தைப் போட்டுப் பாக்கலாம்" என்று பயிற்சிப் பெண் குனிந்து, செயற்கைக்கோள் படத்து அடுக்கைத் திறந்தாள்.

கூரைகள். ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெருக்கமாகத் தகரக் கூரைகள், இடையிடையே நூல் மாதிரிச் சந்துகள். நானூறு வீடாவது இருக்கும். அவ்வளவு கூரைக்கும் மேலே ஒரு புள்ளிகூட இல்லை.

"அட, இவ்வளவு வீடு இருக்கு, மூணு வருஷத்துல ஒரு புகார்கூட இல்லையே! ரொம்ப நல்ல ஏரியா போல" என்று சொல்லிவிட்டு பயிற்சிப் பெண் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள்.

ரிஜிஸ்டர் அக்கா அந்தக் கூரைகளை இன்னும் பெரிதாக்கினாள். அது நல்ல ஏரியா இல்லை என்று அவளுக்குத் தெரியும். புகார் வராமலும் இல்லை. வந்துகொண்டேதான் இருந்தது. அந்த வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. சந்துகளுக்குப் பெயர் கிடையாது. அந்த இரண்டு கட்டமும் நிரம்பாவிட்டால் கணினி எண் கொடுக்காது. அதற்கு முன்னால் பதிவேட்டிலும் அதே விதிதான். ஆகவே அப்படி வருகிற ஒவ்வொரு கடிதத்தின் ஓரத்திலும், "முகவரி முழுமையில்லை" என்று தன் உருண்டையான கையெழுத்தில் எழுதி, பிரதி ஒன்றை அலமாரியின் கீழ்த்தட்டில் போட்டுவிட்டு, அசலைத் திருப்பி அனுப்பியது யார்? அவளேதான்.

மறுநாள் வகுப்புக்குப் போகுமுன் அலுவலகத்துக்குப் போய்க் கீழ்த்தட்டைத் திறந்தாள். தூசி தட்டி எண்ணிப் பார்த்தாள். முந்நூற்றுப் பதினேழு. நின்றுகொண்டே சிலவற்றைப் படித்தாள். "பெரிய மரத்துக்கு இடப்பக்கம், பச்சைக் கதவு வீடு." "தண்ணீர்க் குழாய்க்கு எதிரே, நாய் கட்டியிருக்கும் வீட்டுக்கு அடுத்தது." "சூளைச் சுவர் உடைந்த இடத்தில் நுழைந்து மூன்றாவது சந்து, தையல் மிஷின் சத்தம் கேட்கும்." இதைவிட முழுமையாக ஒரு முகவரியை எப்படித்தான் எழுதுவது என்று அவளுக்கே தோன்றியது.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னாள்.

"ரூல்தானே, நீ என்ன பண்ணுவ?" என்றார் அவர்.

"ரூல்தான். ஆனா ஒரு தடவை போய்ப் பாத்திருக்கலாமில்ல?"

அவர் தலையைச் சொறிந்தார். "அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க ஏழு பேரு நம்ம வேன்ல வருது. வண்டி உள்ள திரும்பாது. ரோட்டுல நின்னுதான் ஏறுவாங்க. மழை பேஞ்சா ஷூவைக் கையில தூக்கிக்கிட்டு, முழங்கால் வரைக்கும் சேறோட வருவாங்க. சீட்டுக்கு அடியில ஒரு துண்டு வச்சிருக்கேன், கால் துடைக்க."

"எத்தனை வருஷமா?"

"அது... ஒரு எட்டு வருஷம் இருக்கும்."

"என்கிட்ட சொன்னதே இல்லையே?"

"நீ புகார் ஆபீஸ்ல இருக்க. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே வேனில் கொண்டுபோய் விட்டார். உடைந்த சுவருக்கு முன்னால் இறங்கும்போது அவள் கையில் ஒரு கைபேசி, தோளில் முந்நூற்றுப் பதினேழு கடிதங்கள் கொண்ட பை. நிற்கிற இடத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் அங்கே ஒரு புள்ளி விழும்படி பயிற்சிப் பெண் கைபேசியில் செய்து கொடுத்திருந்தாள். கடிதத்தை எடு, வீட்டைக் கண்டுபிடி, பொத்தானை அழுத்து. மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அரை மணி நேரத்தில் கணக்கு பிசகியது. பச்சைக் கதவு இப்போது சிவப்புக் கதவாகியிருந்தது. நாய் செத்து நாலு வருஷம் ஆகிவிட்டது. அந்த வீட்டை "நாய் இருந்த வீடு" என்றார்கள். பெரிய மரம் எது என்பதில் இரண்டு கட்சி இருந்தது. அதற்குள் இருபது பேர் கூடிவிட்டார்கள்.

"என்ன கணக்கெடுக்கறீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"கணக்கெடுக்கலங்க. மேப் போடறேன்."

அவ்வளவுதான். கூட்டத்தின் முகம் மாறிவிட்டது. "மேப்பா? எதுக்கு? இடிக்கவா?"

"ஐயோ, இல்லங்க..."

"அப்படித்தான் சொல்வாங்க. ஆத்துப் பக்கம் மேப் போட்டுக்கிட்டு வந்தாங்க, ஆறு மாசத்துல ஒரு வீடு இல்ல."

அப்போது தையல் மிஷின் சத்தம் நின்றது. மூன்றாவது சந்திலிருந்து ஒரு பெண்மணி வெளியே வந்தார். ஐம்பது வயசு இருக்கும். கழுத்தில் மாலை மாதிரி அளவு நாடா. பள்ளிப் பைகள் தைப்பவர். பைக்காரம்மா என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் ரிஜிஸ்டர் அக்காவின் கையிலிருந்த கடிதத்தை வாங்கினார். ஓரத்தில் இருந்த உருண்டைக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீங்கதானா அந்த 'முகவரி முழுமையில்லை'?"

கூட்டத்தில் பலர் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கையெழுத்து அங்கே பிரபலமாக இருந்தது.

"நாந்தாங்க" என்றாள் அவள்.

"பதினேழு லெட்டர் போட்டேன். பதினேழும் திரும்பி வந்துச்சு, தபால்காரருக்கு எங்க வீடு தெரியும். எழுத்து மட்டும் மணி மணியா இருக்கும். இவ்வளவு அழகா எழுதத் தெரிஞ்சவங்களுக்கு எட்டிப் பாக்கத் தெரியலையேன்னு நெனச்சுக்குவேன்."

"தப்புதாம்மா. பாத்திருக்கணும்" என்றாள் அவள்.

அவர் எதிர்பார்த்தது ஒரு சண்டை. அது கிடைக்காததால் கொஞ்சம் தடுமாறிப்போய், "சரி, உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க" என்றார். உள்ளே பை மூட்டைகளுக்கு நடுவே ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்ததும் கேட்டார்: "நேராச் சொல்லுங்க. இந்த மேப்புல நாங்க வந்தா நல்லதா, கெட்டதா?"

நல்லதுதான் என்று சொல்ல ரிஜிஸ்டர் அக்காவின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. "எனக்குத் தெரியலம்மா. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று எழுந்தாள். ஒரு புள்ளியும் வைக்காமல் வேனில் ஏறினாள்.

திங்கட்கிழமை பயிற்சிப் பெண்ணிடம் கேட்டாள். அவள் பாட்டிலை மூடி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "இதைத்தான் மேடம் நான் முதல் நாளே சொல்லியிருக்கணும். மேப்புல எதைக் காட்டறோம்ங்கறது பாதி வேலை. எதைக் காட்டாம விடறோம்ங்கறது மீதி வேலை. அதை நாம முடிவு பண்ணக் கூடாது. அங்க இருக்கறவங்கதான் பண்ணணும். அவங்க காட்ட விரும்பறது எதுன்னு கேளுங்க."

கேட்டாள். அடுத்த ஞாயிறு பைக்காரம்மாவின் வாசலில் கூடிப் பேசினார்கள். ஆளுக்கொரு பக்கம் இழுத்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். யார் வீடு, எத்தனை பேர், எவ்வளவு நாளாக இருக்கிறார்கள் என்பதெல்லாம் வேண்டாம். தண்ணீரை மட்டும் காட்டலாம். எந்த இடத்தில் எவ்வளவு உயரம் ஏறியது, எத்தனை நாள் நின்றது என்று மட்டும்.

"எங்களைப் பத்தி எழுத வேண்டாம். தண்ணியைப் பத்தி எழுதுங்க" என்றார் பைக்காரம்மா.

உயரத்தை எப்படி அளப்பது? அதற்கு யாரும் யோசிக்கவே இல்லை. எல்லாச் சுவரிலும் போன மழையின் பழுப்புக் கோடு அப்படியே இருந்தது. பைக்காரம்மா கழுத்திலிருந்த நாடாவை உருவினார். அவர் சுவரில் வைத்து அளப்பார், அவள் பொத்தானை அழுத்தி எண்ணைப் பதிவாள். "முப்பத்தி ரெண்டு இன்ச்", "நாப்பத்தொண்ணு", "இங்க பாருங்க, என் இடுப்பு." மூன்று ஞாயிறு நடந்தார்கள். வீடு யாருடையது என்று குறிக்காமலே முந்நூற்றுப் பதினேழு கடிதத்துக்கும் இடம் கிடைத்தது. கடிதமே வராத இடங்களும் சேர்ந்தன. நடுவில் எப்போதோ அம்மா என்று கூப்பிட்டது போய் அக்கா என்றாகிவிட்டது. இரண்டு பேருமே ஒருவரையொருவர் அக்கா என்றதில், யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீரவில்லை.

பயிற்சி முடிந்து சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் பயிற்சிப் பெண் ஒரு சாயங்காலம் அலுவலகத்துக்கே வந்து, அந்த மூலையில், அவளோடு சேர்ந்து எண்களை வரைபடத்தில் ஏற்றினாள். ஆழமான இடத்துக்கு அடர் நீலம், ஆழமில்லாததற்கு வெளிர் நீலம். அடியில் மேடு பள்ளத்து அடுக்கு.

தகரக் கூரை வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் குட்டையிலிருந்துதான் தண்ணீர் ஏறுகிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படியென்றால் குட்டைப் பக்கம்தான் அடர் நீலமாக இருக்க வேண்டும். அங்கே வெளிறிக் கிடந்தது. அடர் நீலம் முழுக்க எதிர்ப்பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டிக் குவிந்திருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தால், மூன்று மாடித் தெருவின் சிவப்புப் புள்ளிகளும் சாலையை நோக்கி நெருங்க நெருங்கத்தான் மொய்த்திருந்தன. சாலைக்கு இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் சிவப்பு. நடுவில் சாலை ஒரு அணைக்கட்டு மாதிரி ஓடியது.

"ரெண்டு பக்கமும் ஒரே தண்ணி மேடம்" என்றாள் ரிஜிஸ்டர் அக்கா மெதுவாக. "அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் வந்து, குட்டைக்குப் போக வேண்டிய தண்ணி. கொஞ்சம் ரோட்டு மேல ஏறி வழிஞ்சு இவங்க வீட்டுக்குள்ள போகுது. மீதி அங்கயே நிக்குது."

"அப்போ ரோட்டுக்கு அடியில ஒரு வழி இருந்திருக்கணுமே?"

மறுநாள் பைக்காரம்மாவுக்குத் தொலைபேசி போட்டுக் கேட்டாள். "இருந்துச்சே!" என்றார் அவர், இதையா கேட்கிறாய் என்பதுபோல. "நான் கல்யாணமாகி வந்தப்போ ரோட்டுக்கு அடியில கல்லு வளைவு ஒண்ணு இருக்கும். வெயிலுக்கு ஆடெல்லாம் அதுலதான் படுத்திருக்கும். ரோட்டை அகலமாக்கினப்போ மண்ணைக் கொட்டினாங்க. அப்புறம் ஆடும் போச்சு, வளைவும் போச்சு."

இனிமேல் பொறியாளரைப் பார்க்க வேண்டும். அவருக்கு அலுவலகத்தில் 'பாக்கலாம் சார்' என்று பெயர். எதைக் கேட்டாலும் பாக்கலாம் என்பார். கேட்டவர் ஓய்வுபெறும்வரை அது பார்க்கப்படாது. கெட்டவர் இல்லை. மேசையில் கோப்பு மலை. அதற்குப் பின்னால் அவர் தலை பாதிதான் தெரியும்.

வாராந்திரக் கூட்டத்தில் பத்து நிமிஷம் வேண்டும் என்று ரிஜிஸ்டர் அக்கா தலைமை எழுத்தரிடம் கேட்டாள். பதினோரு வருஷத்தில் அவள் அந்தக் கூட்டத்தில் வாய் திறந்ததில்லை. தலைமை எழுத்தர் ஆச்சரியத்திலேயே சரி என்றுவிட்டார்.

கூட்டத்தன்று பயத்தில் தவறான கோப்பைத் திறந்துவிட்டாள். திரையில் நடுக்கடலும் அலுவலகமும் வந்தன. "இது நம்ம ஆபீஸ் சார். பயிற்சி எடுத்தப்போ" என்றாள். அறை குலுங்கியது. அந்தச் சிரிப்பில் அவளுக்குப் பயம் போய்விட்டது. பிறகு வரைபடத்தைத் திறந்தாள். முதலில் சிவப்பு, பிறகு அந்த வெற்றிடம், பிறகு கூரைகள். "இங்கேருந்து முந்நூத்திப் பதினேழு புகார் வந்திருக்கு சார். ஒண்ணையும் பதியல. பதியாதது நான்தான்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. கடைசியாக நீலத்தைப் போட்டாள். சாலையின் இரண்டு பக்கமும் தண்ணீர் மோதி நிற்பதைக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"இன்னும் ஒரு அடுக்கு இருக்கு சார்" என்று சொல்லி, கொஞ்சம் தயங்கி, அதையும் திறந்தாள். மூன்று மாடித் தெருவில் மஞ்சள் புள்ளிகள். "இதெல்லாம் நாம தூர்வாரின தடவைங்க. மூணு வருஷத்துல இருபத்து மூணு."

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "அங்க ரோட்டுக்கு அடியில கல்வெர்ட் கிடையாதும்மா. எங்க வரைபடத்துல இல்லையே."

"பழைய ரோட்டுல இருந்துச்சு சார். அங்க இருக்கறவங்க பாத்திருக்காங்க. அதுல ஆடு படுத்திருக்குமாம்."

"ஆடா?"

"ஆமா சார்."

அவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலமும் சிவப்பும் சந்திக்கிற இடத்தை. பிறகு சொன்னார்: "பாக்கலாம்."

அறையில் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அவள் முகம் விழுந்துவிட்டது. பொறியாளர் சிரித்தவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு எழுந்து, ஆணியில் தொங்கிய ஜீப் சாவியை எடுத்தார். "என்ன சிரிப்பு? இப்பவே போய்ப் பாக்கலாம்னு சொன்னேன். வாம்மா."

மூன்று நாள் கழித்து, பைக்காரம்மா நடந்து காட்டிய இடத்தில் இயந்திரம் தோண்டியது. முதல் குழியில் மண். இரண்டாவது குழியில் தார் உடைசல். மூன்றாவது குழிக்கு இரண்டு பக்கத்துத் தெருக்காரர்களும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். மாடிவீட்டுக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு ஓர் ஓரம். சூளைப் பக்கத்துக்காரர்கள் எதிர் ஓரம். இயந்திரத்தின் பல் கல்லில் உரசிக் கிரீச்சென்றது. ஓட்டுநர் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். வளைவின் நெற்றி, அதன் கீழே இறுகிப்போன கட்டடக் குப்பை.

"என்ன சார், நான் சொன்னேனா இல்லையா?" என்றார் பைக்காரம்மா பொறியாளரிடம். அவரும் சிரித்தார். "ஆடு எங்கம்மா?" என்றார்.

அதையும், அங்கிருந்து குட்டை வரை தூர்ந்து கிடந்த வாய்க்காலையும் முழுதும் எடுத்து முடிக்க ஒன்பது நாள் ஆனது. அடுத்த மாதம் இரண்டு நாள் விடாமல் மழை அடித்தபோது, ரிஜிஸ்டர் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் கணவரோடு வேனில் ஏறிப் போனாள். சந்துகளில் கணுக்கால் வரை தண்ணீர் இருந்தது. எல்லாம் சரியாகிவிடவில்லை, கடைசிச் சந்தில் இன்னும் இரண்டு வீட்டுக்குள் ஈரம். ஆனால் தண்ணீர் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. எட்டு மணிக்குள் தரை தெரிந்தது. ஏழு பிள்ளைகளும் ஷூ போட்ட காலோடேயே வேனில் ஏறினார்கள். கடைசியாக ஏறியவள் மட்டும் மிச்சமிருந்த ஒரு சேற்றுக் குழியைத் தேடிப் போய்க் குதித்துவிட்டு வந்தாள்.

மூன்று மாடித் தெருவிலிருந்து அந்த மழைக்கு ஒரே ஒரு அழைப்புதான் வந்தது. நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்தாள். தோண்டிய இடத்தில் தார் போடவில்லை, காரின் டயர் அழுக்காகிறது என்றார்கள். எண் போட்டுப் பதிந்துகொண்டாள்.

அதன் பிறகு பயிற்சிப் பெண்ணும் பொறியாளரும் சேர்ந்து எழுதிக் கொடுத்ததில் புகார்ப் படிவம் மாறியது. கதவு எண் இல்லாவிட்டால் வரைபடத்தில் இடத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். சந்துப் பெயர்க் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. பெயர் நீங்களே வையுங்கள் என்று ரிஜிஸ்டர் அக்கா சூளைப் பக்கத்துக்காரர்களிடம் சொன்னாள். சொன்ன பிறகுதான் தெரிந்தது, கல்வெர்ட் தோண்டியது எவ்வளவு சுலபமான வேலை என்று.

ஒன்பது சந்து, இருபத்தாறு பெயர். எண் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். யார் ஒன்றாம் எண் என்று சண்டை வந்தது. ஒருவர் தன் பெயரையே வைக்கச் சொன்னார். அவர் மனைவியே எதிர்த்து ஓட்டுப் போட்டார். பைக்காரம்மாவின் சந்துக்குப் பைத் தெரு என்று வைக்கலாம் என்று நாலு பேர் சொல்ல, "அவசரத்துல படிச்சா பைத்தியத் தெருன்னு வரும். வேண்டவே வேண்டாம்" என்று அவரே மறுத்துவிட்டார். குட்டையின் கரையில் போய் முடிவதால் கடைசியில் அதற்குக் கரைத் தெரு என்று பெயராயிற்று. எட்டுப் பெயர் முடிவாகி, ஒன்பதாவது சந்து இன்றுவரை இழுபறியில் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து பைக்காரம்மா அலுவலகத்துக்கு வந்தார். புடவை மடிப்புக் கலையாமல், கையில் ஒரு மடித்த காகிதத்தோடு, மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றார்.

"வாங்கக்கா, உக்காருங்க. என்ன விஷயம்?"

"புகார் குடுக்க வந்தேன்."

"தண்ணியா? லைட்டா?"

"உங்க மேல."

ரிஜிஸ்டர் அக்கா காகிதத்தை வாங்கிப் படித்தாள். வரைபடத்தில் தங்கள் தெருவின் பெயரைப் பிழையாகப் போட்டிருப்பதாகவும், கரைத் தெரு என்பதைக் கறைத் தெரு என்று எழுதியிருப்பதாகவும், குடியிருப்பவர்களுக்கு இது மிகுந்த மன வருத்தம் அளிப்பதாகவும், உடனே திருத்தும்படியும் எழுதியிருந்தது. கீழே பதினோரு கையெழுத்து.

கணினியில் வரைபடத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள். கறைத் தெருவேதான். வல்லின ற.

"ஐயையோ" என்றாள்.

"எழுத்து மணி மணியா இருக்கும்னு நானே ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்" என்றார் பைக்காரம்மா. "மானமே போச்சு."

அவள் புதிய படிவத்தைத் திறந்தாள். புகார் கொடுப்பவர்: கரைத் தெருக் குடியிருப்போர். யார் மீது என்ற கட்டத்தில் தன் பிரிவையே எழுதினாள். கணினி மறுபேச்சில்லாமல் எண் கொடுத்தது. அந்த எண்ணைச் சீட்டில் எழுதி பைக்காரம்மாவிடம் நீட்டினாள்.

"எத்தனை நாள்ல பாப்பீங்க?" என்று கேட்டார் அவர், சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்.

"ஏழு வேலை நாள்னு ரூல் இருக்கு."

"ரூல் இருக்கட்டும். நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் பைக்காரம்மா.

ரிஜிஸ்டர் அக்கா ற-வை அழித்து ர-வைப் போட்டாள். சரியா என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். அவர் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, சரிதான் என்று தலையாட்டினார்.